பெயர்பெற்ற கோச்சிக்கு அடுத்த கோச்சி

சுவிசில் பிள்ளை இருக்கிற எங்கள் வயதுக்காரர் வீட்டு முன்விறாந்தையில் அநேகமாக ஒரே படம்தான் தொங்கும். யூங்பிராவ்யோக் மலைக்கணவாய். சேலைக்கு மேலே மகளின் குளிர்ச்சட்டை, காலில் மருமகனின் சப்பாத்து, பின்னால் வெள்ளை வெளேரென்று பனி. அது ஒரு நாள் கதை. மூன்று மாத விசாவில் மிச்ச நாளெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மகளும் மருமகனும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு, நாங்கள் நாலாம் மாடி யன்னலடியில் இருந்தோம் என்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனால் திரும்பி வர வழி தெரியுமோ என்ற பயம் வேறு.

நாங்கள் வருகிற ஆனியில் பேர்ண் நகரத்துக்கு, மகளிடம் போகிறோம். பேத்தியைப் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் நடுவில் சில நாள் நானும் இவரும் மட்டும் மலைக் கோச்சியில் போய்வருவது என்று முடிவெடுத்திருக்கிறோம். பிள்ளைகளின் லீவையும் பார்க்கத் தேவையில்லை, காரையும் பார்க்கத் தேவையில்லை. இவருக்கு எழுபத்துமூன்று. எனக்கு எத்தனை என்று எழுதமாட்டேன். இவரைவிடக் குறைவு, அது போதும்.

"எழுபதுக்குப் பிறகு பயணம் எண்டா கோச்சிதான்" என்பது இவருடைய கட்சி. "பஸ்ஸிலை கால் நீட்டேலாது. காரிலை ஒண்டுக்குப் போக நினைச்ச இடத்திலை நிப்பாட்டேலாது. கோச்சியிலை ரெண்டும் நடக்கும்." இந்த விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதமே இல்லை.

எங்கள் தலைமுறைக்குக் கோச்சி மேல் ஒரு தீராத ஆசை இருக்கிறது. எங்கள் உடுவிலில் இருந்து சுன்னாகம் ஸ்டேசனுக்குச் சைக்கிளில் போய்விடலாம். நான் பேராதனையில் படித்த காலத்தில் இரவுத் தபால் வண்டியில் ஏறினால் விடியப்புறம் பொல்காவலையில் இறங்கி, குளிரில் நடுங்கிக்கொண்டு கண்டி வண்டிக்குக் காத்திருப்போம். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி எங்கள் வீட்டுக் கலியாணங்கள், செத்தவீடுகள் எல்லாவற்றுக்கும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. 1990இல் போரால் எல்லாம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குப் போயின. பாதை இருந்த இடத்தில் பற்றை வளர்ந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பி வந்தபோது, கோச்சியையே கண்ணால் காணாமல் வளர்ந்த பிள்ளைகள் சுன்னாகத்தில் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். இருபத்துநாலு வருசக் கடன் ஒன்று எங்களுக்கு வரவேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆசைப்பட்டது கனடாவுக்கு. ரொறன்ரோவில் தம்பி இருக்கிறான். அங்கிருந்து வான்கூவருக்கு 4,466 கிலோமீற்றர், நாலு இரவு, பளபளக்கும் எஃகுப் பெட்டிகள், மேலே கண்ணாடிக் கூடு. 1950களில் செய்த பெட்டிகளை இன்னும் பராமரித்து ஓட்டுகிறார்கள். படம் பார்த்தபோதே மனம் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் மலிவான படுக்கை என்பது மேல் தட்டும் கீழ்த் தட்டும். இரண்டு பேரில் ஒருவர் ஏணி ஏற வேண்டும். ஒன்ராறியோவின் காட்டுக்குள் நாள் கணக்கில் ஓடும்போது இவருக்கு நெஞ்சில் ஏதாவது செய்தால் ஆஸ்பத்திரி எங்கே? தண்டவாளத்தின் பெரும்பகுதி சரக்கு ரயில் கம்பனிக்குச் சொந்தம் என்பதால் சரக்கு வண்டிக்கு வழிவிட்டுப் பயணிகள் வண்டி ஒதுங்கி நிற்குமாம். மணிக்கணக்கில் பிந்துவது அங்கே புதினம் இல்லை. நாற்பது வயதில் போகவேண்டிய பயணம் அது. விட்டுவிட்டோம்.

ஆக சுவிஸ். சுவிஸ் என்றதும் எல்லாரும் சொல்வது கிளேசியர் எக்ஸ்பிரஸ். செர்மாட்டில் இருந்து சென் மோரிட்ஸ் வரை ஏறக்குறைய எட்டு மணித்தியாலம், 291 பாலம், 91 சுரங்கம், கதிரைக்கே சாப்பாடு வரும். 1930இல் தொடங்கியது. நானும் அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால், 1982இல் ஃபூர்கா மலைக்கு அடியில் 15 கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம் திறந்ததில் இருந்து, எந்தப் பனியாற்றைச் சொல்லிப் பெயர் வைத்தார்களோ அந்த ரோன் பனியாற்றுப் பக்கமே வண்டி போவதில்லை. இருட்டுக்குள் நுழைந்து அடுத்த பள்ளத்தாக்கில் வெளியே வருகிறது. மலைக்கு மேலாகப் போன பழைய பாதையைத் தொண்டர்கள் திருத்தியெடுத்துக் கோடையில் நீராவி வண்டி விடுகிறார்கள்; அது வேறு பயணம்.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. கண்ணாடிக் கூரை வண்டிகளுக்குப் பயணச்சீட்டுக்கு மேலே ஆசனப் பதிவும் கட்டாயம். வாரக்கணக்கில் முன்பே நாளைக் குறித்துக் காசு கட்ட வேண்டும். குறித்த நாளில் மலையை முகில் மூடியிருந்தால் எட்டு மணித்தியாலமும் முகில்தான் பார்ப்பீர்கள். அன்று காலையில் இவருக்குத் தலைசுற்றினால் காசு போய்விடும். நடுவில் ஒரு ஊர் பிடித்தாலும் நினைத்தபடி இறங்கிப் பின்னால் வாற வண்டியைப் பிடிக்கேலாது.

ஆனால் கண்ணாடிக் கூரை வண்டிகள் ஓடும் அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டியும் ஓடுகிறது. கூர் நகரத்தில் இருந்து சென் மோரிட்சுக்கும், அங்கிருந்து பெர்னினா மலை தாண்டி இத்தாலியின் திரானோவுக்கும் பகலில் மணிக்கொரு வண்டி. பதிவு தேவையில்லை. அதே பாலம், அதே பள்ளத்தாக்கு. சில பழைய பெட்டிகளில் யன்னலையும் இறக்கலாம். கண்ணாடிக் கூரை வண்டியில் இறக்க முடியாது. பிந்திவிட்டால் ஸ்டேசனில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்ததில் ஏறலாம். முகில் என்றால் நாளைக்குப் போகலாம். இளம் குடும்பங்களுக்கு ஒரு கிழமை லீவுதான். அவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கும் வண்டியில் ஏறுவது நியாயம். எங்களிடம் காசு குறைவு, நாள் கூட. கூட இருப்பதைச் செலவழிப்பதுதானே புத்தி.

அந்த நாட்டில் 1982இல் இருந்தே ஒவ்வொரு மணித்தியாலமும் அதே நிமிடத்தில் வண்டி புறப்படும் முறையில்தான் நேரசூசி போடுகிறார்கள். 9.58க்கு ஒன்று என்றால் 10.58க்கும் ஒன்று, 11.58க்கும் ஒன்று. வயதானவர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா? ஒரு எண்ணைப் பாடமாக்கினால் போதும். அங்கத்தை ஸ்டேசன் மணிக்கூட்டைப் பற்றி மருமகன் சொன்னதும் எனக்குப் பிடித்தது. சிவப்பு வினாடி முள் அறுபது வினாடிக்குக் கொஞ்சம் முன்பே சுற்றி முடித்து மேலே ஒரு கணம் நிற்கும். நிமிட முள் ஒரு துள்ளுத் துள்ளும். பிறகு மறுபடி ஓடும். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியியலாளர் 1944இல் வடிவமைத்த மணிக்கூடு, சிவப்பு முள் பிறகு சேர்த்தது.

இனிப் பாதை. பேர்ணில் இருந்து சூரிச் வழியாகக் கூர். முதல் இரவு அங்கே, 585 மீற்றர் உயரத்தில். அடுத்த நாள் அல்புலா மலைப் பாதையில் ஏறி பேர்குன் என்ற சின்ன ஊரில் தங்கல். அது ஏறக்குறைய 1,370 மீற்றர். அதற்கடுத்த நாள் சமேடனிலும் பொன்ரெசீனாவிலும் வண்டி மாறி, 2,253 மீற்றர் உச்சியைத் தாண்டி, 1,014 மீற்றரில் இருக்கும் பொஸ்கியாவோவில் தங்கல். பிறகு திரானோ, 429 மீற்றர். ஏன் உயரத்தை எல்லாம் எழுதுகிறேன் என்றால், இந்தக் கணக்கைப் போட்டது ரயில் கம்பனி இல்லை, இவருடைய இருதய வைத்தியர். இவர் ஸ்டென்ட் வைத்த ஆள். "ஐயா, ஆறுதலா ஏறுங்கோ, மேலை கனநேரம் நிக்காதேங்கோ, கீழை வந்து படுங்கோ" என்றார் வைத்தியர். அந்த ஒரு வசனத்தைச் சுற்றித்தான் முழுத் திட்டமும்.

அல்புலா பாதை 1903, 1904 காலத்தில் திறந்தது. லான்ட்வாசர் பாலத்தின் படத்தை நாட்காட்டியில் பார்த்திருப்பீர்கள். ஆறு வளைவு, 65 மீற்றர் உயரம், சுண்ணாம்புக்கல். வண்டி வளைந்து வளைந்து பாலத்தில் ஏறும். பாலம் முடிகிற இடத்தில் தரை இல்லை, செங்குத்தான பாறைச்சுவர்தான். அந்தச் சுவரில் இருக்கிற ஓட்டைக்குள் நேரே புகுந்துவிடும். நடுத் தூண்களைச் சாரம் கட்டாமல் எழுப்பினார்களாம். கூரில் இருந்து போகும்போது வலப்பக்க யன்னலில் இருந்தால் நாம் போகிற வண்டியின் தலையே பாலத்தில் வளைவது தெரியும். அதற்குப் பிறகுதான் எனக்கு ஆசையான இடம்: பேர்குனுக்கும் பிரேடாவுக்கும் இடையில் 400 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும்; பள்ளத்தாக்கில் அதற்கு நீளம் காணாது. அதனால் பாதையை மலைக்குள்ளேயே சுருள்சுருளாகச் சுற்றி எடுத்திருக்கிறார்கள். பேர்குன் கோயில் கோபுரம் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும். பேர்குனில் ரயில் அரும்பொருளகம் ஒன்றும் 2012இல் இருந்து இருக்கிறது. இவரை அதற்குள் விட்டால் நான் மத்தியானம் முழுக்க நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

பதுளைப் பாதையில் போனவர்களுக்கு இதெல்லாம் முழுக்கப் புதிது இல்லை. தெமோதரையில் வண்டி சுற்றி வந்து தன் ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகும். கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று மலையகத்தில் கதை சொல்வார்கள். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம். பெர்னினா பாதையிலும் புரூசியோ என்ற இடத்தில் ஒன்பது வளைவுப் பாலம், 1908இல் கட்டியது; வெட்டவெளியில் ஒரு முழு வட்டம் அடித்து வண்டி தன் பாலத்துக்குக் கீழாலேயே வெளியே வரும். எங்கள் உச்சி ஸ்டேசன் பட்டிப்பொல 1,891 மீற்றர், அவர்களுடைய உச்சி 2,253. பெரிய வித்தியாசம் இறக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே நாற்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் 1,800 மீற்றருக்கு மேல் இறங்குகிறது, அதுவும் பற்சக்கரம் இல்லாமல், வெறும் சில்லும் தண்டவாளமும் உரசுகிற பிடியில். கல்லும் பனியும் உள்ள இடத்தில் குளிர்ச்சட்டையோடு ஏறி, திராட்சைத் தோட்டமும் வெக்கையும் உள்ள ஊரில் சட்டையைக் கழற்றிக்கொண்டு இறங்கலாம். அல்புலா, பெர்னினா இரண்டையும் சேர்த்து 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது.

உச்சியில் லாகோ பியாங்கோ என்ற ஏரி. அதற்கு வடக்கே விழுகிற மழை இன் ஆற்றோடு போய் டானியூப்பில் கலந்து கருங்கடலுக்கு. தெற்கே விழுகிறது போ ஆற்றோடு ஏட்ரியாட்டிக் கடலுக்கு. கொஞ்சம் தள்ளி அல்ப் கிரூம் ஸ்டேசன், 2,091 மீற்றர். முன்னால் பாலூ பனியாறு. அங்கே ஒரு வண்டியை விட்டு அடுத்த வண்டியைப் பிடிப்போம். வைத்தியர் சொன்ன "கனநேரம் நிக்காதேங்கோ" ஒரு மணித்தியாலத்துக்குப் பொருந்தும் என்று இவர் வாதாடி அனுமதி வாங்கியிருக்கிறார்.

யூங்பிராவ்யோக்? போகவில்லை. 3,454 மீற்றர். கீழே இருந்து சில மணித்தியாலத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இளம் ஆட்களுக்கே தலையிடிக்கும். முன்வீட்டு அக்கா இப்பவே கேட்டுவிட்டா: "அதுக்குப் போகாட்டி பிறகென்ன சுவிஸ்?" டிட்லிஸ் மலையிலாவது ஷாருக் கானும் கஜோலும் நிற்கிற பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னா. நான் நிற்கமாட்டேன். இவரைப் பற்றி உத்தரவாதம் தர முடியாது.

கடதாசி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சலிப்பான விஷயம். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கொழும்புக்கு நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். அழைப்புக் கடிதம் மட்டும் போதாமல், பிள்ளை 30,000 பிராங் வரை பொறுப்பேற்கிற பத்திரத்தையும் அங்கத்தை அதிகாரிகள் கேட்கலாம். பென்சன், வங்கிப் புத்தகம், காணி உறுதி எல்லாம் கட்டோடு வைத்திருங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கு உங்கள் தோட்டக்காணிதான் சாட்சி. திரானோ இத்தாலியில் இருந்தாலும் அதே விசாதான். காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. எழுபது தாண்டினால் தவணைக் காசு ஏறும். அதைவிட முக்கியம், ஏற்கனவே உள்ள வருத்தத்துக்கும் காசு கொடுப்பார்களா என்று எழுத்தில் வாங்குவது. நாங்கள் போன முதல் இடத்தில் "எல்லாம் கவர் ஆகும்" என்று வாயால் சொன்னார்கள். பத்திரத்தில் சின்ன எழுத்தில் இருதய வருத்தம் விலக்கு. எழும்பி வந்துவிட்டோம்.

சீட்டு விஷயத்தில் முதியவர் என்று சலுகை எதிர்பார்க்காதீர்கள். வெளிநாட்டவருக்கான சுவிஸ் பயண அட்டையில் இளையோருக்குக் கழிவு இருக்கிறது, எங்களுக்கு இல்லை. ஒரு மாத அரைவிலை அட்டை எங்களுக்குத் தோது. அதோடு ஊர்ச்சபைகள் விற்கும் மலிவு நாள் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று எண்ணி விற்பார்கள், முந்தினவருக்கே. அதை வாங்கித் தருவது மகளுடைய பொறுப்பு. அவளுக்கு எங்களைத் தனியே அனுப்ப இன்னும் முழு மனம் இல்லை. "அம்மா, நான் லீவு எடுத்துக் கூட வாறனே, நீங்கள் ஏன் கஸ்டப்படுறியள்?" என்கிறாள். நாங்கள் இருவரும் போரிலும் இடப்பெயர்விலும் பயணப் பையோடு நடந்த தூரத்தை அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை. நேரசூசியை அச்சடித்துத் தா பிள்ளை, காணும் என்றேன்.

மருந்து. தனிப்பட்ட தேவைக்குப் பொதுவாக ஒரு மாத அளவுதான் கொண்டுபோகலாம் என்பது அங்கத்தை விதி. ஆகவே அதற்கு மேல் தங்குகிறவர்கள் மருந்தின் வணிகப் பெயரை மட்டும் நம்பாமல், மூலப்பெயரை வைத்தியரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். அங்கே பார்த்து வாங்கலாம். இன்சுலின் கைப்பையில்தான். கோடையில் எங்களுக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம். எந்தக் குளிசையை எப்போது என்று இவர் ஒரு கொப்பியில் இரண்டு நிரலாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறார், கணக்காளர் வேலை செய்த கை. பயணப் பெட்டி ஆளுக்கு ஒன்று, ஒரு கையால் தூக்கக் கூடிய பாரம். பெரிய பெட்டிகள் மகள் வீட்டிலேயே நிற்கும். முழங்கால் வருத்தக்காரர் ஸ்டேசனில் ஏற்றி இறக்க உதவி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம், அதற்குக் காசில்லை.

சாப்பாடுதான் நீண்ட பேச்சுவார்த்தை. நான் மரக்கறி. இறைச்சி, பால் சார்ந்த சாமான்களை நம் நாட்டில் இருந்து அங்கே கொண்டுபோகக் கூடாது. அப்படியென்றால் நெய் இல்லை, நெய்யில் செய்த பலகாரம் இல்லை. மோர்மிளகாயும் இந்தச் சட்டத்தில் அகப்படும் என்று மருமகன் சொன்னபோது இவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பருத்தித்துறை வடைக்குத் தடை இல்லை. பேர்ணில் ஒரு பிரச்சினையும் இல்லை. யூரோப்பாபிளாட்ஸ் ஸ்டேசன் பக்கத்தில் 2014 முடிவில் திறந்த சமயங்களின் இல்லத்துக்குள்ளேயே எங்கள் சைவக் கோயில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அங்கே போனால் ஊர்ச் சனத்தைக் காணலாம். மலைக்குள் போனால்தான் யோசனை. தேடிப் பார்த்ததில் திரானோப் பக்கத்தில் பித்சோக்கெரி என்று ஒரு சாப்பாடு: பக்வீட் மாவில் செய்த தடித்த நூடில்ஸ், கோவா, உருளைக்கிழங்கு, மேலே வெண்ணெயும் சீஸும். மீன் இறைச்சி இல்லை. திரானோவில் மாதா பேராலயத்துக்கு முன்னால் தெருவிலேயே வண்டி ஓடும். அந்தத் தெருவோரம் எங்கேயாவது இருந்து அதைச் சாப்பிடுவது என்று வைத்திருக்கிறேன். இவர் உறைப்பில்லாமல் ஒரு வாய் வைக்கமாட்டார். ஒரு சின்னப் போத்தலில் வறுத்து இடித்த தூள் எடுத்துப் போகிறோம்.

மிச்சம் ஒரு வழக்குத்தான் தீராமல் கிடக்கிறது. திரானோவில் இருந்து திரும்பும்போது ஒரேயொரு தரம் இதே பாதையில் ஓடும் பெயர்பெற்ற கண்ணாடிக் கூரை வண்டியான பெர்னினா எக்ஸ்பிரசிலேயே கூர் வரைக்கும் வரலாம் என்கிறார் இவர், ஊரில் சொல்ல ஒரு பெயர் வேண்டுமாம். ஆசனப் பதிவுக் காசு அவருடைய பென்சனில் இருந்து என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறாராம்.